கண்ணாடி பளபளக்கிறது, வெப்பம் எங்கே போகிறது?

சூரிய வெப்ப மின் நிலையத்தில் உற்பத்தி குறைந்தால் முதல் பழி கண்ணாடியின் மேல்தான் விழும். உடனே கழுவச் சொல்வார்கள். கழுவலாம்; ஆனால் உப்பு நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி போன இடத்தில் வெள்ளைத் திட்டு வந்து உட்காரும். கழுவியும் ஏறவில்லையா? குழாயைப் பாருங்கள்.

பரவளையக் கண்ணாடியின் குவியத்தில் இருக்கும் ஏற்புக் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 4 மீட்டர் நீளம். உள்ளே 70 மி.மீ. எஃகுக் குழாய், வெளியே ஏறத்தாழ 125 மி.மீ. கண்ணாடி உறை, நடுவில் வெற்றிடம். 390 டிகிரி செல்சியஸில் எஃகு ஓர் அங்குலம் நீளும், கண்ணாடி அவ்வளவு நீளாது. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளத்தான் முனைகளில் பெல்லோஸ் என்னும், நீண்டு சுருங்கும் மடிப்பு உலோக இணைப்பு.

உறையில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கண்டுபிடிப்பது சுலபம். உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பேரியப் பொட்டு வெளுத்துவிடும். ஏமாற்றுவது ஹைட்ரஜன். எஃகுக் குழாயில் ஓடி வெப்பத்தைச் சுமக்கும் எண்ணெய், 400 டிகிரியை நெருங்கும்போது மெல்லச் சிதையும். அதில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகை ஊடுருவி வெற்றிடத்துக்குள் சேரும். அதை உறிஞ்ச வைத்த கெட்டர் என்னும் பொருள் நிரம்பிவிட்டால் வெப்ப இழப்பு மூன்று, நான்கு மடங்காகும். உறை உடையாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அகச்சிவப்புக் கேமராதான் காட்டிக்கொடுக்கும். நல்ல குழாயின் உறை 60 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, கெட்டுப்போனது 100-ஐத் தாண்டி நிற்கும். அளக்கும்போது கண்ணாடியைச் சூரியனிலிருந்து திருப்பிவிடுங்கள்; பிரதிபலிப்பைப் பார்த்துக் கேமரா தப்பாகச் சொல்லும். அதே எண்ணெய் ஓடும் பக்கத்துக் குழாய்களோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

வெப்பத்தைச் சுமக்கவும் சேமிக்கவும் பயன்படும் உருகிய உப்பில் சிக்கல் வேறு. சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 சதவீதக் கலவை, 240 டிகிரிக்குக் கீழே படிகமாகத் தொடங்கி 220-ல் கட்டியாகிவிடும். பெரிய குழாய் உறைவது அபூர்வம். வால்வு, ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்பு), அழுத்தமானிக்குப் போகும் சின்னக் கிளை, இன்சுலேஷன் மெலிந்த மூலைகள்தான் முதலில் உறையும். சூடேற்றும் கம்பி அங்கேயும் சுற்றியிருக்கிறதா, வெப்பமானி அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் வெப்பமானி நல்ல சேதியைத்தான் சொல்லும்.

உறைந்த பிறகு அவசரப்பட்டு நடுவில் சூடேற்றாதீர்கள். உருகும்போது உப்பு சில சதவீதம் விரியும். இருபுறமும் கட்டி அடைத்திருந்தால் குழாய்தான் பிளக்கும். திறந்த முனையில் தொடங்கி, உருகியது வெளியேற வழிவிட்டு, மெல்ல உள்நோக்கி வாருங்கள்.