பச்சை விளக்குப் பெட்டி உங்கள் பில்லைக் குறைக்காது

வெயில் ஏறினால் எனக்கு இரண்டு வகை போன் வரும். ஏ.சி. போட்டால் டிரிப் ஆகிறது என்பது ஒன்று. "கரண்ட் பில்லைக் குறைக்கிற பெட்டி வாங்கி மாட்டினோம், பில் கூடித்தான் வந்திருக்கு, வந்து பாருங்க" என்பது இன்னொன்று. இந்த வருடம் இரண்டாவது வகை அளவு மீறிவிட்டது. வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போகிற இடமெல்லாம் பிளக் பாயின்ட்டில் அந்தப் பச்சை விளக்கு எரிகிறது. லைசென்ஸ் எடுத்து ஒயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பொறுமையாக எழுத நினைத்தேன். பொறுமை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்போம்.

கடைசியாகப் பார்த்த வீடு தண்டையார்பேட்டையில். கீழே, மேலே, மொட்டை மாடி ரூம் என்று தளத்துக்கு ஒன்றாகப் பெட்டி மாட்டியிருந்தார்கள். வாங்கியது அந்த வீட்டுப் பெரியம்மா, குடும்ப ஓய்வூதியப் பணத்தில். "ஈ.பி.லேர்ந்து வர்றோம்னு சொன்னாங்கப்பா, கழுத்துல கார்டு வேற தொங்கிச்சு" என்றார். ஒரு பெட்டியை அவர் முன்னாலேயே ஸ்க்ரூ கழற்றித் திறந்து காட்டினேன். உள்ளே இருந்தது ஒரு கெப்பாசிட்டர். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கடையில் வாங்கி மாற்றுவோமே, அதே ஜாதி. பக்கத்தில் ஒரு சின்ன போர்டு, அதில் இரண்டு மூன்று எல்.இ.டி. கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும் என்று ஒரு இரும்புத் துண்டை உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இன்னாத்துக்குப்பா பச்சை லைட்டு எரியுது?" நல்ல கேள்வி. அது எரிவதற்கும் கரண்ட்தான் செலவாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈ.பி. ஆட்கள் வீடு வீடாக வந்து எந்தப் பொருளையும் விற்பதில்லை. சந்தேகம் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள். வந்தவர் ஈ.பி. ஆள் இல்லையென்றால் நீங்கள் எண்ணை அழுத்தும்போதே அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

சரி, பெட்டிக்கு வருவோம். "சார், என் கண் முன்னாலேயே செய்து காட்டினாங்க, ஆம்பியர் பாதியாச்சு" என்பார்கள். ஆகும். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் போர்டைக் கவனித்தீர்களா? இந்தக் காலத்திலும் பழைய இரும்புச் சோக் வைத்த டியூப்லைட்தான் இருக்கும். எல்.இ.டி. பல்பை வைத்து ஒருநாளும் காட்ட மாட்டார்கள். அந்த 36 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து ஐம்பது வாட்டுக்குப் பக்கத்தில் தின்னும். ஆனால் ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 0.43 ஆம்பியர் காட்டும். 230 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், நூறு வருகிறது. ஐம்பது வாட் விளக்குக்கு நூறு எப்படி? சோக் என்பது காயில். அது கரண்டில் ஒரு பங்கை வாங்கி, காந்தமாக வைத்திருந்து, உடனே லைனுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கி அதே டம்ளரில் திருப்பிக் கொடுப்பது போல. அந்தச் சர்க்கரைக்கு யாரும் காசு கேட்பதில்லை. கெப்பாசிட்டரைப் பக்கத்தில் மாட்டினால் அந்தக் கைமாற்று காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். ஒயரில் ஓடும் ஆம்பியர் 0.22 பக்கம் இறங்கும். கூடி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

விளக்கு தின்பது மட்டும் அப்போதும் அதே ஐம்பது வாட்தான். உங்கள் வீட்டு மீட்டர் எண்ணுவது அந்த வாட்டை, மணிக்கணக்கில் கூட்டி. ஆம்பியரைத் தனியாக எண்ணி வீட்டுக்குப் பில் போடுவதில்லை. கைமாற்றாகப் போய்வரும் கரண்டை மீட்டர் முன்னாலும் கணக்கில் எடுக்கவில்லை, இப்போதும் எடுக்கவில்லை. இல்லாத செலவை எந்தப் பெட்டியால் குறைக்க முடியும்? "அப்புறம் ஃபேக்டரியில் எல்லாம் கெப்பாசிட்டர் வைக்கிறாங்களே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வைக்கிறார்கள். மணலியிலும் அம்பத்தூரிலும் பெரிய மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு பவர் ஃபேக்டர், அதாவது வாங்கும் கரண்டில் உண்மையாக வேலைக்குப் பயன்படும் பங்கு, இறங்கினால் பில்லில் அபராதம் ஏறும், அதைத் தவிர்க்கத்தான். உங்கள் வீட்டுப் பில்லில் அப்படி ஓர் அபராதமே கிடையாது. எடுத்துப் பாருங்கள்.

என்னையும் நம்ப வேண்டாம், உங்கள் மீட்டரையே கேளுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று எண் அச்சிட்டிருக்கும், அது மீட்டருக்கு மீட்டர் மாறும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூன்று பழைய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் அறுபது சிமிட்டலை ஒட்டி வரும். பெட்டியை மாட்டி இன்னொரு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். அதே அறுபது வரும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், செல்போனில் நேரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

"ஆனா எங்க வீட்டுல நிஜமாவே பில் குறைஞ்சுதே!" என்கிறவர்களும் உண்டு. எப்போது வாங்கினீர்கள்? மே மாதம். எந்தப் பில் குறைந்தது? மழைக்காலப் பில். பெட்டியை மாட்டாத பக்கத்து வீட்டிலும் குறைந்திருக்கும், போய்க் கேளுங்கள். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும். பத்து யூனிட் கூடினாலே பில் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறும். இறங்கும்போதும் அதே போல ஒரே தாவலாக இறங்கும். அந்தப் பெயரையும் பெட்டி தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

பெட்டியைத் திட்டியாகிவிட்டது. யூனிட் உண்மையில் எங்கே போகிறது?

ஃபேனைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அது சின்னச் சாமான் என்று நினைப்பு. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 30 வாட்டைச் சுற்றி. நம்மூரில் ஃபேன் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது ஓடும். ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 120. 500 எல்லையில் தள்ளாடுகிற வீட்டுக்கு இது ஒன்றே போதும். தளத்துக்கு ஒரு பெட்டி வாங்கிய காசில் நல்ல ஃபேன் வாங்கியிருக்கலாம் என்று அந்தப் பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மகனிடம் சொன்னேன்.

ஏ.சி.யில் நம் பக்கத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெளுத்து, விரல் பட்டாலே உதிரும். தகடு போனால் உள்ளே இருக்கிற சூடு வெளியேறாது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். கேஸ் ஓடும் குழாயான காயிலும் அரித்து ஊசிமுனை ஓட்டை விழும், கேஸ் கசியும். வருகிற சர்வீஸ் ஆள் என்ன செய்கிறார்? "கேஸ் தீர்ந்துடுச்சு சார்" என்று நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிப் போகிறார். அடுத்த கோடையில் மறுபடியும் நிரப்புகிறார். கேஸ் செலவாகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் அடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, தராசில் எடை வைத்து நிரப்பச் சொல்லுங்கள். தராசு என்றதும் முறைக்கிற ஆள் என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கடலோர வீட்டுக்குப் புது ஏ.சி. வாங்கினால் அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள காப்பர் காயிலா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டார் ஒட்டுப்படத்தில் எத்தனை நட்சத்திரம் என்பதோடு எந்த ஆண்டுக்கான ஒட்டுப்படம் என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து இல்லை. அப்புறம் அந்த 18 டிகிரி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சமாகும். 25இல் வைத்து ஃபேனைப் போடுங்கள். 18இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிற வீட்டில் என்னத்தைச் சொல்வது!

மேல்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஏ.சி.யைவிடப் பெரிய எதிரி தலைக்கு மேல் இருக்கிற மொட்டை மாடித் தளம்தான். பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பதினொரு மணிக்கு நம் தலையில் இறக்கும். வெள்ளைப் பிரதிபலிப்புப் பெயின்ட் நல்ல விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. குறை, அதை விற்கிற பேச்சில். காண்டிராக்டர் வெப்பமானித் துப்பாக்கியைத் தரையில் காட்டி "பதினைந்து டிகிரி குறைஞ்சுது பாருங்க" என்பார். அது மொட்டை மாடித் தரையின் சூடு. கீழே ரூமுக்குள் அவ்வளவு குறையவே குறையாது, சில டிகிரி குறைந்தாலே சந்தோஷப்படுங்கள். அவரை ரூமுக்குள் கூட்டிவந்து பேசச் சொல்லுங்கள். தளத்தில் விரிசல் இருந்தால் அதை அடைத்த பிறகுதான் பெயின்ட். நம் பக்கம் கரித்தூசியும் சாம்பலும் படிந்து வெள்ளை சீக்கிரம் பழுப்பாகும், அவ்வப்போது கழுவினால்தான் வேலை செய்யும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீடென்றால் தயவுசெய்து ஷீட்டைச் சுரண்டவோ கம்பி பிரஷ் போடவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

பல குடித்தனங்கள் சேர்ந்து இருக்கிற பழைய ஸ்டோர் வீடுகளுக்கு மட்டும் ஒரு விஷயம். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மீட்டர் விளக்கு சிமிட்டினால், எங்கோ லீக்கேஜ் இருக்கிறது, இல்லையென்றால் வேறு யாருடைய லோடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. பொது மோட்டாரை எந்தக் காலத்திலோ ஒரு குடித்தனத்தின் லைனில் இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு ஒயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். லீக்கேஜ் என்றால் அது பில் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாத வீட்டில் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்காது.

வேலைக்கு ஆள் கூப்பிடும்போது லைசென்ஸைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மின் காண்டிராக்டருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிற லைசென்ஸ் உண்டு, கேட்டால் நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். இத்தனை சதவீதம் குறையும் என்று வீட்டைப் பார்க்காமலே சொல்கிறவரை நம்பாதீர்கள். எந்தச் சாமான், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே நீட்டாதீர்கள். சோலார் போடுகிறவர்களுக்கும் இதுதான். பிரதமரின் சூரியசக்தி வீட்டுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, அது உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். "மானியத்தை நான் வாங்கித் தர்றேன், அதுக்கு முன்பணம் கொடுங்க" என்கிறவர் வேறு தொழில் செய்கிறார்.

ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டவர்களைத் திட்டப் போவதில்லை, கழற்றிவிடுங்கள், அவ்வளவுதான். விலை குறைந்த கெப்பாசிட்டர், ஃபியூஸ் கிடையாது, வருடக்கணக்கில் அணைக்காமல் பிளக்கிலேயே கிடக்கிறது. சூடாகிச் சுவரோடு கருகிய பாயின்ட்டுகளை மாற்றியிருக்கிறேன். முதலில் ஸ்விட்சை அணையுங்கள், பிறகு பிடுங்குங்கள். பிடுங்கிய கையோடு பிளக் பின்னைத் தொடாதீர்கள், உள்ளே தங்கியிருக்கும் சார்ஜ் சுள்ளென்று அடிக்கும். விளையாட வைத்துக்கொள் என்று பேரப்பிள்ளை கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். பழைய மின்சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள்.