மூலோபாயம்: சொல்லின் பொருளும் வேரும் தமிழும்

திருகோணமலையில் இருப்பவருக்கு ‘மூலோபாயம்’ என்ற சொல்லிலிருந்து தப்ப வழியில்லை. துறைமுகத்தைப் பற்றிச் செய்தி வந்தால் ‘மூலோபாய முக்கியத்துவம் வாய்ந்த’ என்ற அடைமொழி முன்னால் வந்து நிற்கும். சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான். இப்போது வங்கி அறிக்கைகளிலும் கல்வித் திட்டங்களிலும் கூட இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் பொருள் என்னவென்று கேட்டால் பலர் ‘திட்டம்’ என்பார்கள், சிலர் ‘தந்திரம்’ என்பார்கள். என்னிடம் படிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகள், “சேர், மூலோபாயம், தந்திரோபாயம் ரெண்டும் ஒண்டுதானே?” என்று கேட்பதுண்டு.

இரண்டும் வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், போருக்குப் போய்த் திரும்பிய பழைய படையினர் தங்கள் தலைமையின் மேல் வைக்கிற விமர்சனம் நமக்குப் பிடிபடாது. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றியதுதான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி கிளவுஸ்விட்ஸ் சொன்ன வரையறைதான் இன்றும் படைக் கல்லூரிகளில் தொடக்கப் பாடம். ஒரு சண்டையில் படையை எப்படிப் பயன்படுத்துவது என்பது தந்திரோபாயம். நடக்கிற சண்டைகளைப் போரின் நோக்கத்துக்காக எப்படிப் பயன்படுத்துவது என்பது மூலோபாயம். பாலத்தை எந்தப் பக்கத்தால் போய்ப் பிடிப்பது என்பது முதலாவது வகைக் கேள்வி. அந்தப் பாலம் நமக்கு எதற்கு, அதைப் பிடித்தால் போர் முடிவை நோக்கி நகருமா, பிடிக்காமல் விட்டாலும் காரியம் ஆகுமா என்பவை இரண்டாவது வகைக் கேள்விகள்.

மேலைநாட்டில் இதற்கு வழங்கும் ‘ஸ்ட்ராட்டஜி’ கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ராட்டோஸ்’ என்றால் படை, ‘அகெய்ன்’ என்றால் நடத்துதல். இரண்டும் சேர்ந்த ‘ஸ்ட்ராட்டேகோஸ்’ படைத்தலைவனைக் குறித்தது. பழைய ஏதென்ஸில் ஆண்டுதோறும் பத்துப் படைத்தலைவர்களைத் தேர்தல் வைத்துத் தெரிந்தெடுத்தார்கள். போர் முழுவதையும் திட்டமிடும் கலை என்ற இன்றைய பொருளில் இந்தச் சொல் ஐரோப்பாவில் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சு மொழி வழியாக. தந்திரோபாயத்துக்கு அங்கே வழங்கும் ‘டாக்டிக்ஸ்’ என்பதும் கிரேக்கம்தான். வரிசைப்படுத்துதல், அணிவகுத்தல் என்று பொருள்.

இனி நம் சொல். மூல + உபாயம் = மூலோபாயம். பர + உபகாரம் பரோபகாரம் ஆவது போன்ற வடமொழிப் புணர்ச்சி. தந்திர + உபாயம் தந்திரோபாயம் ஆனதும் அப்படித்தான். சிங்களத்திலும் ‘மூலோபாய’ என்றே வழங்குவதால் இலங்கைக்கு இது இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இதைக் காண்பது அரிது. அங்கே ‘உத்தி’ என்பார்கள், தேர்தல் காலத்தில் ‘வியூகம்’ என்பார்கள். வியூகம் என்றால் படையை நிறுத்தும் வடிவம். சக்கர வியூகம் என்று பாரதத்தில் வருவது அதுதான். ஆகவே அது தந்திரோபாயத்தின் பக்கத்தைச் சேர்ந்த சொல். ‘உத்தி’ வடமொழி ‘யுக்தி’யிலிருந்து வந்தது. நன்னூல் 32 உத்திகளைச் சொல்லும்போது ‘தந்திர உத்தி’ என்கிறது. அங்கே தந்திரம் என்றால் நூல், தந்திர உத்தி என்றால் நூலை இயற்றும் முறை. நரித் தந்திரம் என்ற பொருள் அந்த இடத்தில் துளியும் இல்லை.

‘உபாயம்’ என்பதை இன்று குறுக்குவழி என்ற பொருளில் சொல்கிறோம். அதன் மூலப் பொருள் ஒன்றை அணுகிச் சேரும் வழி. அரச நீதி பேசிய பழைய நூல்கள் உபாயம் நான்கு என்றன: சாமம், தானம், பேதம், தண்டம். இன்சொல்லால் இணங்க வைத்தல், கொடுத்து இணங்க வைத்தல், பிரித்தல், கடைசியாகப் படை எடுத்தல். போர் இந்த வரிசையில் நான்காவதாக நிற்கிறது. அந்த நான்காவதைக் கையில் எடுக்கலாமா, எடுத்தால் எதை அடைந்ததும் கீழே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் மூலமான உபாயம். சொல்லைச் சமைத்தவர்கள் யாராக இருந்தாலும் ‘மூல’ என்ற அடையைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நம் ஊர்க் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்து அழிந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. அட்மிரல் நகுமோவின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்திருந்தன. விமானங்களை வழிநடத்தியவர் மிட்சுவோ புச்சிடா. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

தாக்குதல் வரும் என்று முந்தின நாளே தெரிந்ததால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடு இரவாக வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படிப் போன பிரித்தானிய விமானந்தாங்கி ‘ஹேர்மிஸ்’, திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. கூட வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘வம்பயரும்’ மூழ்கியது. கொழும்புத் தாக்குதல் நடந்த அன்றே கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கியிருந்தன. சண்டை என்ற அளவில் பார்த்தால் யப்பானியருக்கு இதைவிட நல்ல வாரம் அமைந்திருக்காது. தந்திரோபாயத்தில் முழு வெற்றி.

ஆனால் அவர்கள் வந்த காரியம் வேறு. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையை அழித்து, பர்மாவுக்கான கடல்வழியைப் பாதுகாப்பது. அந்தக் கடற்படையின் முதன்மைப் பகுதி மாலைதீவின் அட்டுத் தீவுக்கூட்டத்தை ஒளிவிடமாகக் கொண்டிருந்தது. நகுமோவால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இலங்கையில் படையிறக்கவும் இல்லை. கப்பல்கள் திரும்பிப் போயின. மே மாதம் அந்த ஐந்தில் இரண்டு பவளக்கடல் சண்டைக்கு அனுப்பப்பட்டன. ஒன்று சேதமடைந்தது, மற்றது விமானிகளை இழந்தது. யூன் மாதம் மிட்வே தீவுச் சண்டைக்கு அவை இரண்டும் இல்லாமலே போனார்கள். அங்கே நான்கு யப்பானிய விமானந்தாங்கிகள் மூழ்கின. அவற்றில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் ஏப்ரலில் நம் கடலுக்கு வந்தவை.

புச்சிடா மிட்வேயில் பறக்கவில்லை. குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து அகாகியில் இருந்தார். போருக்குப் பிறகு, 1951இல், ஒகுமியா என்ற இன்னொரு கடற்படை அதிகாரியோடு சேர்ந்து அந்தச் சண்டையைப் பற்றி எழுதினார். தொடர்ந்து வென்றதால் தலைமைக்கு ஏறிய மிதப்பு, படையைப் பல திசைகளில் சிதறடித்தது, ஒரே அணியிடம் தீவைத் தாக்கு என்றும் எதிரிக் கப்பல்களை அழி என்றும் இரண்டு வேலைகளைக் கொடுத்தது என்று தன் தரப்பின் திட்டத்தையே பிரித்துக் காட்டினார். சண்டை நடந்த நிமிடக் கணக்குகளில் அவர் சொன்ன சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அந்தத் திருத்தம் தேவைதான். ஆனால் திட்டத்தைப் பற்றிய விமர்சனத்தை அது தொடவில்லை. விமானிகள் திறமை குறைந்தவர்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கை நீட்டியது மேலே, திட்டம் போட்ட மேசையை நோக்கி.

இதைவிடத் துலக்கமாகச் சொன்னவர் அமெரிக்கக் கேணல் ஹரி சமர்ஸ். கொரியாவிலும் வியட்நாமிலும் போரிட்டவர். 1975 ஏப்ரலில் ஹனோயில் ஒரு வட வியட்நாமியக் கேணலிடம், களத்தில் நீங்கள் எங்களை ஒருபோதும் தோற்கடிக்கவில்லையே என்றார். மற்றவர் சற்று யோசித்துவிட்டு, இருக்கலாம், ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். சமர்ஸ் 1982இல் வெளியிட்ட தன் விமர்சன நூலை இந்த உரையாடலோடுதான் தொடங்கினார். தந்திரோபாயத்தில் வென்று மூலோபாயத்தில் தோற்றோம் என்பது அவர் வாதம். இளைப்பாறிய தளபதி டக்ளஸ் கின்னார்ட் 1974இல், வியட்நாமில் படை நடத்திய அமெரிக்க ஜெனரல்களிடம் கேள்விக்கொத்து அனுப்பிக் கேட்டபோது, ஏறக்குறைய 70 சதவீதத்தினர் போரின் நோக்கம் தெளிவாக இருக்கவில்லை என்று விடை எழுதினார்கள். படை நடத்தியவர்களுக்கே எதற்காக என்று தெரியவில்லை! செத்தவர்களின் தாய்மாருக்கு யார் என்ன பதில் சொல்வது?

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. 1987 யூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் வந்த இந்திய அமைதி காக்கும் படையின் முதல் களத் தளபதிகளில் ஒருவரான மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், ஓய்வுபெற்ற பிறகு டில்லியின் அரசியல் தலைமையையும் உளவுத்துறையையும் படை மேலிடத்தையும் கடுமையாக விமர்சித்தார். அமைதி காக்க என்று அனுப்பிய படை அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போரிடும் படையானது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள். வடக்கு கிழக்கு மக்கள் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச் 24 அன்று கப்பலேறியது நம் திருகோணமலைத் துறைமுகத்தில்தான். இதை வெறும் ‘உத்தித் தவறு’ என்று எழுதினால், ஏதோ ஒரு தெருவில் ஒரு படைப்பிரிவு பிழையாகத் திரும்பியது போலாகிவிடும். தவறு எந்த மட்டத்தில் நடந்தது, யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது. சொல்லில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, தனித்தமிழில் என்ன சொல்வது? இருந்தது. ‘சூழ்ச்சி’. இன்றைக்கு அது சதி. வள்ளுவருக்கு அது ஆராய்ந்து எண்ணுதல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது 671ஆம் குறள்: ஆராய்ச்சியின் முடிவு ஒரு துணிவுக்கு வருவது. அமைச்சர்களை அவர் ‘சூழ்வார்’ என்றே அழைக்கிறார். போரைப் பற்றிய 465ஆம் குறள் இன்னும் நேராகப் பேசுகிறது.

வகையறச் சூழா தெழுதல் பகைவரைப்
பாத்திப் படுப்பதோ ராறு.

எல்லா வகையாலும் எண்ணிப் பார்க்காமல் படை கிளம்புவது, பகைவரைப் பாத்தி கட்டி நட்டு வளர்ப்பதற்கு ஒரு வழி. சமர்ஸ் ஒரு நூல் முழுக்கச் சொன்னது இந்த ஏழு சீருக்குள் இருக்கிறது. அதிகார வரிசையையும் பாருங்கள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நாற்பது குறள் எண்ணுவதற்கே போகிறது. படைமாட்சி வருவது அதற்கு வெகு பின்னால். 675ஆம் குறள் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்ற ஐந்தையும் ‘இருள்தீர எண்ணிச் செயல்’ என்கிறது. மூலோபாயத்துக்கு இதைவிட நல்ல சரிபார்ப்புப் பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை.

வருத்தம் என்னவென்றால் சூழ்ச்சி, தந்திரம், உபாயம் மூன்றும் நம் பேச்சில் வஞ்சகத்தின் பக்கம் சரிந்துவிட்டன. இனி ‘அமெரிக்காவின் போர்ச்சூழ்ச்சி தோற்றது’ என்று எழுதினால் வாசகர் சதி தோற்றது என்றே படிப்பார். ஆகவே என் பரிந்துரை இது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘போர்ச்சூழ்வு’ என்று எழுதலாம். வினையடி அப்படியே இருக்கிறது, சதியின் வாடை இல்லை. தந்திரோபாயத்துக்குக் ‘கள உத்தி’ போதும். சேர்த்து எழுதினால் ‘களவு’ என்று கண் தடுக்கும், ஆகவே பிரித்தே எழுதுங்கள். பழகிய மூலோபாயத்தை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இலங்கை வாசகருக்கு அது நிலைத்த சொல். போர்ச்சூழ்வை முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் மூலோபாயத்தையும் வைத்தால் விளங்கிவிடும். விடக்கூடாதது இரண்டுக்கும் ஒரே ‘உத்தி’யைப் போடும் பழக்கம்.

கடைசியாக ஒன்று. நம் துறைமுகத்துக்குக் ‘கேந்திர முக்கியத்துவம்’ என்றும் எழுதுகிறார்கள். கேந்திரமும் கிரேக்கத்தில் தொடங்கிய சொல். ‘கென்ட்ரோன்’ என்றால் கூர்முனை, வட்டத்தின் நடுப்புள்ளி. வானநூல், சோதிடம் வழியாக வடமொழிக்கு வந்து, சாதகக் கட்டத்தின் 1, 4, 7, 10ஆம் இடங்களுக்குப் பெயராகி, பிறகு நம்மிடம் வந்தது. அது இடத்தின் தன்மையைச் சொல்கிறது. ஆழமான உள்துறைமுகமும் அதை மறைக்கும் மலைகளும் இருப்பதால் திருகோணமலை ஒரு கேந்திரம். மூலோபாயம் அந்த இடத்தை வைத்து மனிதர் எண்ணுவது. 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படையும் இந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்த விடுவதில்லை என்றும் எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து சீரமைப்பது என்றும் எழுதியிருந்தது. அது மூலோபாயம். ஆகவே ‘கேந்திர அமைவிடம்’ என்று எழுதுங்கள், ‘மூலோபாய முடிவு’ என்று எழுதுங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போடாதீர்கள்.