முடக்குவாத மருந்தும் கருப்பை வாய்ப் பரிசோதனையும்

புதுச்சேரியில் மூலக்கூறு மரபியல் ஆய்வகத்தில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில், என்னிடம் வரும் இரண்டு வகை மாதிரிகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று, முடக்குவாதம் இருக்குமோ என்ற ஐயத்தில் எடுக்கப்பட்ட இரத்தம். மற்றொன்று, கருப்பை வாயிலிருந்து சிறு பிரஷ்ஷால் எடுத்துத் திரவக் குப்பியில் போட்டு அனுப்பப்படும் செல்கள். இரண்டிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில்தான் பெருக்கிப் பார்க்கிறோம். ஆனால் முதல் மாதிரியில் தேடுவது அந்தப் பெண் பிறவியிலேயே பெற்ற மரபணுவை. இரண்டாவதில் தேடுவது வெளியிலிருந்து வந்து தங்கிவிட்ட வைரஸின் மரபணுவை. அறிக்கையை வாங்கிப் பார்க்கும் குடும்பத்தார் பலரும் இரண்டையுமே இறுதித் தீர்ப்பாக எண்ணிக் கலங்கிவிடுகிறார்கள்.

முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே பகையாகக் கருதித் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களிடம் இதைக் கண்டுபிடிப்பது தாமதமாவதற்கு அவர்கள் செய்யும் வேலையே ஒரு காரணம். "கொட்டை ஒடைச்சு ஒடைச்சு வெரலு தேஞ்சுபோச்சு டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே, முந்திரித் தோட்டின் எண்ணெய்க் கறை படிந்த கைகளை ஒரு தாய் நீட்டினார். இரண்டு கைகளிலும் விரல்கள் தொடங்கும் முட்டிகள் ஒன்றுபோல வீங்கியிருந்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை என்றும், வேலை செய்யச் செய்யப் பிடிப்பு விடுகிறது என்றும் சொன்னார். தேய்மானத்தால் வரும் வலி பெரும்பாலும் வேலை செய்தால் கூடும். முடக்குவாதத்தின் பிடிப்போ அசைவில் தளரும். தைலம் தேய்த்தே வருடக்கணக்கில் காலம் கடத்துவோர் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால்கூட மூட்டு கோணுவதற்கு முன்பே மருத்துவரிடம் வந்துவிட முடியும்.

இந்நோயின் மரபணுப் பின்னணியில் முதலிடம் ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்ற மரபணுவுக்கு உண்டு. அது உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையுள்ள இடங்களில் ஒரு குறிப்பிட்ட அமினோ அமில வரிசை அமைந்திருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்ற கருத்து 1987இல் முன்வைக்கப்பட்டது. புகைபிடித்தல் போன்றவற்றால் மாற்றமடைந்த உடலின் புரதங்களை அந்த வரிசை எதிர்ப்பாற்றல் செல்களுக்கு எளிதில் எடுத்துக்காட்டிவிடுகிறது. அப்புரதங்களுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் ஆன்டி சி.சி.பி. பரிசோதனையில் அளக்கிறோம். ஆயினும், ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் அது வருவது நூற்றுக்கு 15 என்ற அளவில்தான் இருக்கிறது. எனவே, தாய்க்கு முடக்குவாதம் என்பதற்காக நலமாக இருக்கும் மகளுக்குப் பெரும் பணம் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்வது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதிலும் ஐரோப்பியரிடம் முக்கியமாகக் கருதப்படும் பி.டி.பி.என்.22 மரபணு மாற்றம் நம் மக்களிடம் மிக அரிது.

இனி அடுத்த மாதிரிக்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற, பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவும் வைரஸின் 16ஆம் வகை டி.என்.ஏ.வை 1983இல் கண்டறிந்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். 16, 18 ஆகிய இரு வகைகளே ஏறத்தாழ 70 விழுக்காடு கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். வைரஸின் ஈ6 புரதம், செல்லின் காவல் புரதமான பி53ஐச் சிதைக்கிறது. ஈ7 புரதம், செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே அகன்றுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தொற்றுதான் ஆபத்தானது. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. வைரஸ் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. அறிக்கையைக் காட்டி ஒரு பெண்ணின் நடத்தையைக் கேள்வி கேட்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

இந்த இரண்டு நோய்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தொற்றை அகற்றுவது எதிர்ப்பாற்றல். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், உயிரியல் ஊசிகள் போன்றவை அடக்குவதும் அதே எதிர்ப்பாற்றலைத்தான். முடக்குவாதம் உள்ள பெண்களிடம் கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கூடுதலாகக் காணப்படுவதை ஸ்வீடன் நாட்டின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் மூட்டு அழியும் ஆபத்து உண்டு. செய்ய வேண்டியது பரிசோதனை மட்டுமே. ஆனால் மூட்டு மருத்துவர் கருப்பை வாயைப் பற்றிக் கேட்பதில்லை. மகளிர் மருத்துவர் மூட்டு மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. ஆகவே மருந்துச் சீட்டை நோயாளியே இரண்டு இடங்களிலும் காட்ட வேண்டும். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்களும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது பற்றித் தம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இடுப்பும் முழங்காலும் பிடித்திருக்கும் பெண்கள் காலை அகற்றி மேசையில் படுப்பதற்கு அஞ்சியே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒருக்களித்துப் படுத்தபடியும் மாதிரி எடுக்க முடியும். அதை முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லலாம். எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு; விரல் மடங்காதவர்களுக்கு மட்டும் அது கடினம். டி.என்.ஏ. பரிசோதனை கிடைக்காத இடத்தில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையும் பயன் தரும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அம்முறை இறப்பை 35 விழுக்காடு குறைத்தது.

எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால், முடக்குவாத மருந்து சாப்பிடுவோரும் போட்டுக்கொள்ளலாம். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்றாலும், எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குக் குறைந்தது இரண்டும், முடிந்தால் மூன்றும் தேவை. ஏற்கெனவே உள்ள தொற்றை அது அகற்றாது என்பதால், ஊசி போட்டவர்களும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகோ உடலுறவுக்குப் பிறகோ இரத்தம் கசிந்தால், முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் நேரே மகளிர் மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும்.