அவுரி நீலமும் வயலட் ஊதாவும்

வானவில்லின் நிறங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஊதாவுக்கும் கருநீலத்துக்கும் இடையில்தான் பலரும் தடுமாறுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைத்தான் எண்ணினார். இசைக்கு ஏழு சுரம் இருப்பதுபோல் ஒளிக்கும் ஏழு இருக்கட்டும் என்று ஆரஞ்சையும் இண்டிகோ எனும் கருநீலத்தையும் பிறகு சேர்த்துக்கொண்டார். இண்டிகோவைத் தனி நிறமாகக் கணக்கில் எடுக்காதவர்கள் இன்றைக்கும் உண்டு. எனக்கும் வானவில்லில் அந்தப் பட்டை தனியாகத் தெரிந்ததே இல்லை.

ஆனால் வானத்தை விட்டுச் செடிகளுக்கு வந்தால் இந்த இரண்டு நிறங்களும் சம்பந்தமே இல்லாதவை. வயலட் என்பது ஐரோப்பாவில் தரையோடு தரையாக வளரும் ஒரு சின்னச் செடியின் பூ. பூவைப் பார்த்தார்கள், அதன் நிறத்துக்கு அதன் பெயரையே வைத்தார்கள். இண்டிகோவைத் தரும் அவுரியைப் பார்த்து யாராலும் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது. அதன் இலை பச்சை, பூ இளஞ்சிவப்பு. செடியை வேரோடு பிடுங்கிப் புரட்டிப் பார்த்தாலும் கருநீலம் கிடைக்காது.

ஏனென்றால் அந்த நிறம் செடிக்குள் இல்லை. இலையில் இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும் சேர்மம். இலைகளைத் தொட்டியில் ஊறப்போட்டால் நொதிகள் அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும். மிஞ்சுவது இண்டாக்சில். அப்புறம் அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போக, இரண்டிரண்டு இண்டாக்சில்கள் இணைந்து இண்டிகோவாகிவிடும். அது நீரில் கரையாது. அடியில் படியும் நீலச் சேற்றை வடித்து, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள்.

இதில் ஒரு பகுதியைத் தலைக்கு அவுரிப் பொடி பூசுகிறவர்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். பொட்டலத்தில் இருப்பது பச்சைப் பொடி. வெந்நீரில் குழைத்துச் சற்று நேரம் வைத்தால் மேலே நீலம் படரும். ஊறியதும் உடனே பூசிவிட வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். இண்டாக்சில் முடிக்குள் போன பிறகு நீலமானால்தான் பிடிக்கும்; கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டால் கழுவியதும் போய்விடும்.

துணிக்கும் அதே சிக்கல். கரையாத நீலக் கட்டியை நூலுக்குள் எப்படி ஏற்றுவது? இண்டிகோவில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது மஞ்சள் கலந்த பச்சையாக மாறி, சுண்ணாம்பு போன்ற காரம் கலந்த நீரில் கரைந்துவிடும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் இதற்குச் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவிட்டார்கள். தொட்டிக்குள் வளரும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்து அந்த மாற்றத்தைச் செய்துவிடும். அதில் முக்கியெடுத்த துணி முதலில் பச்சையாகத்தான் வெளியே வரும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நூலின் மேற்பரப்போடு சாயம் நின்றுவிடுவதால்தான் ஜீன்ஸ் முழங்காலில் வெளுக்கிறது. அங்கே நிறம் மங்குவதில்லை, சாயம் உரிந்து போகிறது. மூலக்கூறு அசாத்தியமான உறுதி கொண்டது. பெருவில் உவாக்கா பிரியேட்டா என்ற இடத்தில் கிடைத்த சுமார் 6,000 ஆண்டுப் பழைய பருத்தித் துணித் துண்டுகளில் அது இன்னும் இருக்கிறது.

வயலட் பூவில் நடப்பது நேர் எதிர். அதன் நிறமி ஆந்தோசயனின் வகை. இதழின் செல்களுக்குள் நீர் நிரம்பிய பைகளில் கரைந்தே இருக்கும். அந்த நீர் எவ்வளவு அமிலம், பக்கத்தில் என்னென்ன மூலக்கூறுகள், எந்த உலோக அயனி என்பதைப் பொறுத்து நிறம் சிவப்பிலிருந்து நீலம் வரை நகரும். ரோஜாவின் சிவப்புக்கும் கார்ன்ஃபிளவர் பூவின் நீலத்துக்கும் அடிப்படை சயனிடின் என்ற ஒரே நிறமிதான் என்று காட்டியவர் ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தச் சலனபுத்தியைப் பயன்படுத்திக்கொண்டவர் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில். வயலட் பூவின் பாகில் அமிலம் விட்டால் சிவக்கிறது, காரம் விட்டால் பச்சையாகிறது என்று 1664-ல் எழுதினார். லிட்மஸ் தாளின் மூத்த உறவு அது. நம்மூரில் வயலட் பூ சுலபமாகக் கிடைக்காது. சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும் காட்சிக்குக் காரணமும் ஆந்தோசயனின்தான். ஜீன்ஸில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால் வயலட் பூ நல்ல சாயமாக முடியவில்லை. இதழைவிட்டு வெளியே வந்தால் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் தாக்குப்பிடிக்காது.

கணினித் திரையில் இந்தப் பெயர்களைத் தேடினால் குழப்பம்தான் கூடும். இணைய நிறப் பட்டியலில் இண்டிகோ என்றால் சிவப்பு 75, பச்சை 0, நீலம் 130. அது அவுரிச் சாயமே இல்லை, அடர்ந்த ஊதா. வயலட் 238, 130, 238; கிட்டத்தட்ட ரோஸ். என்னைக் கேட்டால் இரண்டும் தப்பு. வானவில்லின் வயலட் சுமார் 400 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி. திரையால் அதை உண்டாக்க முடியாது. நீலத்தோடு கொஞ்சம் சிவப்பைக் கலந்து கண்ணை நம்பவைக்கிறது.

சரி, அவுரி நீலத்தை ஊதாவாக மாற்ற வழியே இல்லையா? உண்டு. இண்டிகோ மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு அங்கே இரண்டு புரோமின் அணுக்களை வைத்தால் போதும். ரோமப் பேரரசர்கள் உடுத்திய டைரியன் ஊதா அதுதான். ஆனால் அதைத் தந்தது செடியல்ல, மத்தியதரைக் கடல் நத்தை. அதன் வேதியமைப்பைக் கண்டறிய 1909-ல் வேதியியலாளர் பால் ஃபிரீட்லாண்டர் 12,000 நத்தைகளை எடுத்துக்கொண்டார். கிடைத்த சாயம் 1.4 கிராம்.