புது ஸ்மார்ட் சாவியை கார் ஏன் உடனே ஏற்றுக்கொள்வதில்லை?

காரின் ஸ்மார்ட் சாவி தொலைந்துபோனால் பலரும் செய்கிற முதல் வேலை, அதே மாதிரி ஒன்று ஆன்லைனில் கிடைக்குமா என்று தேடுவது. கிடைக்கும். அதே வடிவம், அதே பொத்தான்கள், பின்பக்கம் அதே கம்பெனி முத்திரைகூட இருக்கும். பேட்டரியைப் போட்டு அமுக்கினால் குட்டிச் சிவப்பு விளக்கு மினுக்கும், கார் மட்டும் அசையாது. பேட்டரிதான் மட்டமோ என்று இன்னொன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கும் அசையவில்லை என்றால் விற்றவரைத் திட்டுவார்கள். சாவியில் ஒரு குறையும் இருக்காது. அது யாரென்று காருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தெரியவைக்கிற வேலையைத்தான் சாவியை புரோகிராம் செய்வது என்கிறோம். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு காத்திருப்பா, இவ்வளவு செலவா என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று புரியும்: எரிச்சலூட்டும் படிகளில் பெரும்பாலானவை, யாரோ கார் திருடிய அல்லது திருடலாம் என்று ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துக் காட்டிய ஒரு வழியை அடைப்பதற்காக வந்தவை.

முதலில் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்துவிடலாம். பக்கவாட்டில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளி இழுத்தால் சின்ன இரும்புச் சாவி ஒன்று வெளியே வரும், கார் பேட்டரி செத்துப்போனால் கதவைத் திறக்க. மூடியைப் பிளந்தால் காயின் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதற்குக் கீழே பச்சை நிற சர்க்யூட் பலகை. அதில் ஒரு சிப்பும், பக்கத்தில் கறுப்பாகச் சதுரமாக ஒரு கட்டியும் இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தக் கட்டியைச் சுற்றி மூன்று திசைகளிலும் மயிரிழை போன்ற செம்புக் கம்பி சுற்றியிருப்பது தெரியும். ஸ்மார்ட் சாவியை ஸ்மார்ட் ஆக்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். பொத்தான்களெல்லாம் அப்புறம்.

கதவின் கைப்பிடியில் கை வைத்த மாத்திரத்தில் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் (சில கார்களில் 134) ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இதற்கான ஆன்டெனாக்கள் கைப்பிடிக்குள், சீட்டுகளுக்கு நடுவே, டிக்கியில் என்று பல இடங்களில் ஒளிந்திருக்கும். பாக்கெட்டில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் சாவியை அந்தச் சமிக்ஞை எழுப்ப, சாவி 433.92 மெகாஹெர்ட்ஸிலோ 315 மெகாஹெர்ட்ஸிலோ பதில் சொல்கிறது. நீங்கள் கைப்பிடியை இழுத்து முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

போக ஒரு அலைவரிசை, வர வேறொரு அலைவரிசை என்று ஏன் வைத்தார்கள்? அந்தத் தாழ்ந்த அலைவரிசையில் உண்மையில் வேலை செய்வது காந்தப்புலம். கிட்டத்தில் அதன் வலிமை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும், அதாவது தூரம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும். எனவே ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் சாவிக்கு எதுவும் கேட்காது. வானொலிக்குப் பெரிய குறையாக இருக்கக்கூடிய இது, சாவிக்குப் பெரிய வசதி. புலத்தின் வலிமையை சாவி அளந்து சொல்வதால், அது காருக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுகூட காருக்குத் தெரிகிறது. சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் பூட்டப் போனால் கார் கத்துவதும், சாவி வெளியே இருந்தால் ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதனால்தான். மூன்று திசையிலும் கம்பி சுற்றியிருப்பதற்கும் காரணம் எளிது: பைக்குள் சாவி குப்புறக் கிடக்குமோ, நிமிர்ந்து கிடக்குமோ, யாருக்குத் தெரியும்?

இனி முக்கியமான இடம். "நான்தான் உன் சாவி" என்று சாவி ஒரே எண்ணை எப்போதும் சொன்னால், பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்கிறவர் அடுத்த நாள் அதையே திருப்பி ஒலிபரப்பிவிடலாம். அதனால் கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சாவி தன்னிடம் உள்ள ரகசிய எண்ணைக் கொண்டு அதை ஒரு கணக்கில் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். காரும் அதே ரகசிய எண்ணை வைத்துத் தன் பங்குக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும், இரண்டு விடையும் ஒத்துப்போனால் சரி. ரகசிய எண் காற்றில் போகவே போகாது. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைப்பது ஒரு பழைய கேள்வியும் அதன் பழைய விடையும்தான். அந்தக் கேள்வி மறுபடி வரப்போவதில்லை.

பொத்தானை அமுக்கும்போது நடப்பது வேறு. அங்கே பெரும்பாலும் சாவிதான் பேசும், கார் கேட்டுக்கொண்டிருக்கும். எனவே சாவிக்குள் ஒரு எண்ணி ஓடும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று கூடும், அந்த எண்ணைக் கலந்து மறையாக்கி அனுப்பும். காரும் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருந்து, அதைவிடப் பெரியதாக, ஆனால் ரொம்பத் தள்ளிப் போகாததாக இருந்தால் மட்டும் திறக்கும். கார் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் குழந்தை கையில் சாவியைக் கொடுத்து மணிக்கணக்கில் அமுக்கவிட்டால் இரண்டு எண்ணிக்கையும் விலகிப்போகும். அநேகமாக அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் கார் தானே சரிசெய்துகொள்ளும்.

பேட்டரி தீர்ந்துவிட்டால்? சாவியில் உள்ள சிப்புக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது பேட்டரியே இல்லாமல் வேலை செய்யும். டிரான்ஸ்பாண்டர் என்பார்கள். ஸ்டார்ட் பொத்தானுக்குப் பின்னால் ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், இருக்கும் (சில கார்களில் கப் வைக்கும் குழிக்கு அடியிலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலோ). சாவியை அங்கே ஒட்டி வைத்தால் அந்தக் காயிலின் காந்தப்புலமே சாவியின் கம்பிச்சுற்றில் மின்சாரத்தைத் தூண்டி சிப்பை எழுப்பிவிடும், பழையபடி கேள்வி-பதில் நடக்கும், என்ஜின் ஓடும். இது தெரியாமல் காரை இழுவை வண்டியில் ஏற்றியவர்கள் உண்டு. உங்கள் காரில் அந்த இடம் எங்கே என்று கையேட்டில் இன்றைக்கே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சாவியின் ரகசிய எண் அழிந்துவிடும் என்று ஒரு பயமும் பரவலாக இருக்கிறது. அது இருப்பது மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில். தைரியமாக மாற்றலாம்.

காரைக் கிளப்ப விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பகுதிக்கு இம்மொபைலைசர் என்று பெயர். கம்பிகளை உரசி ஸ்டார்ட் செய்யும் காலத்தை முடித்து வைத்தது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, கனடா 2007-இல். அதற்குள் எத்தனை சாவிகளின் விவரம் பதிவாகியிருக்கிறதோ அத்தனை சாவிக்குத்தான் மரியாதை. வாயிற்காவலர் கையில் உள்ள பெயர்ப் பட்டியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதுதான் புரோகிராமிங். டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் முழங்கால் பக்கம், 16 முனைகள் கொண்ட ஓபிடி போர்ட் (மெக்கானிக்குகள் தங்கள் கருவியை இணைக்கும் செருகுவாய்) இருக்கும். அதில் ஸ்கேனர் என்ற அந்தக் கருவியைச் செருகி காரின் கணினியோடு பேச வேண்டும். பேச ஆரம்பித்ததுமே கார் பட்டியலை நீட்டிவிடாது. ஒரு பின் நம்பர் கேட்கும், அல்லது ஸ்கேனருக்கே ஒரு புதிர் போட்டு விடை கேட்கும், புதிய கார்கள் சிலவற்றில் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து இணையம் வழியாக அனுமதி வந்தாக வேண்டும். சில கார்கள் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா காக்க வைக்கும். ஏதோ பெரிய கணக்குப் போடுகிறது என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே செய்கிற தாமதம் அது. கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, போர்ட்டில் ஒரு கருவியைச் செருகி, வெற்றுச் சாவி ஒன்றை நிமிடங்களில் பதிவு செய்து ஓட்டிக்கொண்டு போகும் திருட்டு பெருகிய பிறகு வந்த தடுப்புகள் இவை. திருடனுக்கு வைத்த பூட்டு நேர்மையாகச் சாவி செய்து கொடுப்பவரையும் சேர்த்துத் தடுக்கிறது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் பழைய புலம்பல், அதில் உண்மையும் இருக்கிறது.

அனுமதி கிடைத்த பின் புதுச் சாவியை அந்தக் காயிலின் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். சில தயாரிப்பாளர்களின் முறையில் கார் அந்த வெற்றுச் சிப்பில் ரகசிய எண்ணை எழுதி, மறுபடி மாற்ற முடியாதபடி பூட்டிவிடும். வேறு சிலரோ, உங்கள் காரின் அடையாள எண்ணுக்கென்றே எண் எழுதப்பட்ட சாவியைத் தொழிற்சாலையிலிருந்து வரவழைப்பார்கள். எப்படியானாலும், இன்னொரு காரில் ஏற்கெனவே பதிவான பழைய சாவியை மலிவாக வாங்கி வந்தால் பெரும்பாலும் வீண்தான். அதன் சிப் வேறொரு காருக்கு வாக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கும். சிப்பைத் திறந்து மறுபடி வெறுமையாக்கித் தரும் கருவிகள் சில வகைகளுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் கிடையாது. புதிதாக வாங்கினாலும் அலைவரிசை, சிப்பின் வகை, பாக எண் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். 315-க்கும் 433.92-க்கும் வெளிக்கூட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது, அலைவரிசை மாறிவிட்டால் பொதுவாக எந்த ஸ்கேனராலும் அதைச் சரிசெய்ய முடியாது. சாவி மட்டுமல்லாமல் காரின் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இறங்கினால் பட்டியல் பாதியில் கெட்டுப்போகலாம், அதனால் விவரம் தெரிந்தவர்கள் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

கையில் இயங்கும் சாவி ஒன்று இருந்தால் இதெல்லாம் சுலபம். ஒன்றுகூட இல்லாவிட்டால்தான் பாடு. சாவியே இல்லாத ஒருவர் "இது என் கார்" என்று சொல்வதை கார் எப்படி நம்பும்? திருடனும் அதையேதான் சொல்லுவான். உரிமை ஆவணங்களைக் காட்டி தயாரிப்பாளர் வழியாக ரகசியக் குறியீட்டைப் பெற வேண்டும், அல்லது இம்மொபைலைசர் பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்து அதன் நினைவகத்தை நேரடியாகப் படிக்க வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான். இரண்டாவது சாவி தொலைந்தபோதே புதிது செய்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரே சாவியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை ரொம்ப நம்புகிறார்கள்.

இவ்வளவு காவல் இருந்தும் உடைத்தவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஆர்எஸ்ஏவின் ஆய்வகமும் சேர்ந்து, அப்போது ஏராளமான சாவிகளில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் ஒன்றின் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்த எண்ணின் நீளம் 40 பிட், அதாவது 0 அல்லது 1 வரக்கூடிய 40 இடங்கள். அதில் சாத்தியமான எண்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி. கேட்க மலைப்பாக இருந்தாலும் அதற்கென்றே கட்டிய கணினிகளுக்கு அது பெரிய வேலையில்லை. அத்தனை வருடம் கழித்து 2018-இல், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் சாவியை வினாடிகளில் நகலெடுத்துக் காட்டியபோது அதற்குள் இருந்தது அதே 40 பிட் முறைதான்! மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பைப் பற்றிய ஆய்வை வெளியிடக் கூடாது என்று 2013-இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015-இல்தான் கட்டுரை வெளிவந்தது, ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு.

இப்போதைய தலைவலி எண்ணை உடைப்பதில் இல்லை. ஒருவர் உங்கள் காரின் பக்கத்திலும் இன்னொருவர் உங்கள் வீட்டு வாசலிலும் கருவியோடு நின்று, காரின் அந்தத் தாழ்ந்த அலைவரிசைக் கேள்வியை வாங்கி வீட்டுக்குள் இருக்கும் சாவியிடம் சேர்க்கிறார்கள். கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சாவி நம்பிச் சரியான பதிலைக் கொடுத்துவிடுகிறது. எதையும் உடைக்கவில்லை, தூரத்தை மட்டும் ஏமாற்றிவிட்டார்கள். சூரிக்கில் உள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் 8 தயாரிப்பாளர்களின் 10 கார்களில் இதைச் செய்து காட்டினார்கள். இதைத் தடுக்க, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தானே தூங்கிவிடும் சாவிகள் வந்தன. அதைவிட நல்ல தீர்வு நேரத்தை அளப்பது. ஒரு நானோவினாடியில் ஒளி போகும் தூரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ அந்த அளவுக்கு நுணுக்கமாக நேரத்தை அளக்கும் என்பதால், பதில் வரப் பிடித்த நேரத்தை வைத்தே சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் கணக்கிட்டுவிடும். நடுவில் கருவி வைத்தால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் இரவில் சாவியை இறுக மூடிய தகர டப்பாவில் போட்டு வைக்கலாம், டப்பாவைக் காரின் பக்கத்தில் கொண்டுபோய்க் கதவு திறக்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு.

தொலைந்த சாவியைப் பற்றி ஒன்று. புதுச் சாவியைச் சேர்த்ததாலேயே பழையது செத்துப்போகாது. சில கார்களில் புதிதாகப் பதிவு செய்யும்போது இருப்பவை எல்லாம் அழிந்து, கையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். சிலவற்றில் பழையது அப்படியே பட்டியலில் நிற்கும். அதனால் சாவியை புரோகிராம் செய்யப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் எடுத்துப் போங்கள், முடிந்ததும் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லுங்கள். கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று என்று வந்தால், தொலைந்தது இன்னும் உங்கள் காரைக் கிளப்பும். அதை அழித்த பிறகும் அதற்குள் இருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கத்தான் செய்யும். அது வேண்டாம் என்றால் கதவின் லாக் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.