பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகள்

பாடம் முடிந்ததும் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்கிறார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ராகம் போடுகிறது. யாருக்குப் புரியவில்லை என்பது இதில் தெரிய வழியே இல்லை. 'இல்லை' என்று சொல்பவன் நாற்பது பேருக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டும். 'ஆமாம்' சொல்ல உதட்டை அசைத்தால் போதும். "மூணாவது வரியில மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு? நோட்டுல ஒரு வரி எழுதுங்க" என்று கேட்டுவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பத்து நோட்டைப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த இந்தப் பிரிவு, ஆலோசனைக்கு வரும் குடும்பங்களைப் புரிந்துகொள்ள அன்றாடம் உதவுகிறது. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாததால் கேட்பது அறியாவினா. ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்காகக் கேட்பது ஏவல் வினா.

"ஹோம்வொர்க் முடிச்சாச்சா?", "போனை வைக்கிறியா இல்லையா?", "இன்னும் குளிக்கலையா?" வளர்ந்த பிள்ளைகளிடம் வீட்டில் கேட்கப்படும் வினாக்களில் பெரும்பங்கு இந்த ஏவல்தான். மிச்சம் அறிவினா. மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல "கணக்குல எவ்வளவு?" என்பது அந்த ரகம். கேள்வி என்றால் கட்டளை, இல்லாவிட்டால் பொறி என்று பிள்ளை பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் அப்பா உண்மையான கவலையோடு "என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் வரும். "வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் சொல்லும் வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது இதை.

செய்ய வேண்டியது எளிது. ஏவலை ஏவலாகவே சொல்லிவிடுங்கள்: "எட்டு மணிக்குள்ள முடிச்சிடு." தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லுங்கள்: "கணக்கு மார்க் பார்த்தேன். எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?" கேள்வியை உங்களுக்கு நிஜமாகவே தெரியாததற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ("சாப்பிட்டியா?" இந்தக் கணக்கில் சேராது. அதை விட்டுவிடச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம்.)

கேட்ட பிறகு காத்திருப்பது தனிப் பயிற்சி. அமெரிக்க வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். 1974இல் வெளியான அவர் கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. அந்த ஒரு நொடியை மூன்றுக்கும் மேலே நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பலர் கவனிக்காத பாதி ஒன்று இதில் இருக்கிறது. பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் "அது மட்டுமில்ல சார்..." என்று அடுத்த வாக்கியம் வரும். உடனே "வெரிகுட்" என்று சொல்லிவிட்டால் அது வராது. மௌனம் தாங்காமல் கேள்வியை வேறு சொல்லில் திருப்பிக் கேட்பதும் இதே கெடுதலைச் செய்கிறது. யோசித்துக்கொண்டிருந்தவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுக்குக் கேள்வியும் அப்படித்தான். "என்ன ஆச்சு, யாராவது திட்டினாங்களா, டீச்சரா?" என்று மூன்றை ஒன்றாகக் கேட்டால் இருப்பதிலேயே சுலபமானதற்கு மட்டும் பதில் கிடைக்கும்.

'ஏன்' என்பது பெரும்பாலும் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. "ஏன் ஸ்கூலுக்குப் போகலை?" என்றால் பிள்ளை காரணத்தைத் தேடாது, தப்பிக்க ஒரு சாக்கைத் தேடும். "காலையில கிளம்புற நேரத்துல என்ன நடக்குது?" என்றால் வயிற்றுவலி, பேருந்தில் சீண்டும் பையன், முடிக்காத ரெக்கார்டு நோட்டு என்று விவரம் வரும். ஆனால் 'ஏன்' சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் உருவாக்கிய ஊக்க நேர்காணல் என்ற ஆலோசனை முறையில், குடியை விட நினைப்பவரிடம், "விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்பார்கள். அவர் நான்கு என்றால், "ஏன் ஒன்றோ இரண்டோ இல்லாம நாலு?" அப்போது அவர் தன் வாயாலேயே விடுவதற்கான காரணங்களைச் சொல்வார். "ஏன் பத்து இல்லை?" என்று தலைகீழாகக் கேட்டால் குடிப்பதற்கான நியாயங்கள் வரிசையாக வரும். இதே முறையில் ஒரு கேள்விக்கு இரண்டு எதிரொலிப்பு இருப்பதை நல்ல தரம் என்பார்கள். எதிரொலிப்பு என்றால் அவர் சொன்னதன் சாரத்தை நம் சொல்லில் திருப்பிச் சொல்வது: "பொண்ணு முன்னால தள்ளாடினதுதான் உங்களை உறுத்துது." கேள்விக்கு மேல் கேள்வியாகப் போனால் ஆலோசனை போலீஸ் விசாரணையாகிவிடும்.

இனி, கேள்வி பிசகினால் உண்மையிலேயே ஆபத்து விளையும் இரண்டு இடங்கள்.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 31.8. அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. முதல் சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். பெரியவர்களின் நினைவையே ஒரு சொல் இப்படித் திருப்புகிறது என்றால், பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்குமோ என்ற பதற்றத்தில் குழந்தையிடம் "அந்த மாமா இங்க தொட்டாரா?" என்று கேட்பது எவ்வளவு ஆபத்தானது! பெயரும் இடமும் கேள்வியிலிருந்து வரக் கூடாது, குழந்தை சொல்லட்டும். "என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா", "அப்புறம்?" இவ்வளவு போதும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்னது தப்பு போல என்று நினைத்துக் குழந்தை பதிலை மாற்றிவிடும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வைத்துவிட்டு, இந்தியாவில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். மீதியைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்பார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீதிமன்றத்தில்கூட வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும்.

மற்றொன்று தற்கொலை எண்ணம். கேட்டால் நாமே நினைவூட்டியது போலாகிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்காமல் விடுவதை விட மோசமானது, "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்பது. 'இல்லை' என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். அதைத் தப்பு என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" ஆம் என்றால் குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாக: "எப்படின்னு யோசிச்சிருக்கியா?" "அதுக்கானது கையில இருக்கா?" "எப்போன்னு நினைச்சிருக்கே?" வழியும் பொருளும் தயார் என்று தெரிந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸின் 14416 எண்ணிலும், இலங்கையில் 1926 எண்ணிலும் உதவி கிடைக்கும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று அவர் திருப்பிக் கேட்பார். சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்.