வீடியோ நல்லா இருக்கு, அதுக்காக பிளேட் வெட்டிடாதீங்க

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷின் செய்யும் பட்டறைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் டிராயிங் கேட்பதற்கு முன்பே, 'மெஷினைச் சுத்திக் காட்டுற மாதிரி ஒரு வீடியோ வாட்ஸ்அப்புல போடுங்க அண்ணே' என்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை; வாங்கப் போகிற தோட்டக்காரருக்கு மூன்று பக்கத் தோற்றத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? ஆனால் அதைப் பார்த்த சூட்டோடு சூடாக பட்டறைக்காரர்கள் இரும்பு பிளேட்டை வெட்டத் தொடங்குகிறார்களே, அங்கேதான் சிக்கல்.

கம்ப்யூட்டரில் பார்ட்களை ஒன்றுசேர்த்து வைக்கும் அசெம்பிளியில் ஒரு பார்ட் இன்னொன்றுக்குள் தாராளமாக நுழைந்து நிற்கும், திரையில் இரும்பும் இரும்பும் மோதினால் சத்தம் வராது. ரோலர் கியர், அதை மூடும் தகட்டுக்குள் 2 மில்லிமீட்டர் புதைந்திருந்தாலும் வெளியே நின்று 360 டிகிரி சுற்றிப் பார்ப்பவருக்கு எல்லாம் பளபளவென்றுதான் தெரியும். அதனால் முதலில், எந்தப் பார்ட் எதற்குள் புதைந்திருக்கிறது என்று சாஃப்ட்வேரே தேடிச் சொல்லும் இன்டர்ஃபியரன்ஸ் டிடெக்ஷனை ஓட்டுங்கள். அதுவும் ஒருமுறை போதாது, ஏனென்றால் அப்போது பார்ட்கள் எந்த நிலையில் நிற்கின்றனவோ அதை மட்டுமே அது சோதிக்கும். ஷீட் கனத்துக்காக மேல் ரோலரை ஏற்றி இறக்குகிறோம் அல்லவா, முழுக்க ஏற்றி ஒருமுறை, முழுக்க இறக்கி ஒருமுறை.

அப்புறம் வீடியோ. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில், அசைவுகளை அமைக்கும் மோஷன் ஸ்டடிக்குள் அனிமேஷன் விசார்ட், அதில் ரொட்டேட் மாடல். அச்சு, எத்தனை சுற்று, எத்தனை விநாடி, அவ்வளவுதான். இங்கே சுற்றுவது பார்வைதான், மெஷின் இருந்த இடத்தில் இருக்கும். இது தெரியாமல் அடிச்சட்டத்தை அசையாமல் பிடித்திருக்கும் ஃபிக்ஸை எடுத்துவிட்டு, திரையிலேயே மோட்டார் மாட்டி, மெஷினையே சுழற்றப் பார்த்து, பார்ட்களை இணைக்கும் மேட் எல்லாம் பிழை காட்டிச் சிவப்பாகி முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மேல்நோக்கிய அச்சு சாலிட்வொர்க்ஸில் ஒய், ஃப்ரீகேட் என்ற இன்னொரு டிசைன் சாஃப்ட்வேரில் இசட். ஒன்றில் போட்டதை, இரண்டுக்கும் பொதுவான ஸ்டெப் ஃபைலாக மற்றதில் திறந்தால் மெஷின் படுத்துக் கிடக்கும். கவனிக்காமல் சுற்றவிட்டால் கம்பியில் குத்திய கிரில் கோழிதான்.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 3 விநாடியில் ஒரு சுற்று என்றால் தலைதான் சுற்றும். நான் வைப்பது 12 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 300 ஃபிரேம், ஃபிரேமுக்கு 1.2 டிகிரி. திரும்பத் திரும்ப ஓடவேண்டும் என்றால் கடைசியில் முதல் ஃபிரேமே மறுபடி வருகிறதா என்று பார்த்து அதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு சின்னத் தடுக்கல் இருக்கும். கம்ப்ரஸ் செய்யாத ஏவிஐ மட்டும் வேண்டாம்; 1920×1080 அளவில் இந்த 12 விநாடியே ஏறக்குறைய 1.9 ஜிபி வரும். எம்பி4 ஆக்கி, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் மங்காது.

அனுப்பிய வீடியோ எத்தனை கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. அடுத்த பட்டறைக்காரர் பார்க்கக் கூடாத பார்ட் எதுவோ அதை முன்னாலேயே ஹைட் செய்துவிடுங்கள். வீடியோவின் மூலையில், டிசைனின் எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எண்ணும், 'அளவெடுக்க அல்ல' என்ற வரியும் இருக்கட்டும். சிரிக்காதீர்கள், ஃபோன் திரைமேல் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவர் இருக்கிறார், அதுவும் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் பெர்ஸ்பெக்டிவ் போட்ட வீடியோவில்.